54 ஆண்டுகள் ஒரே வேடம்: ஹெலன் வாக்னரின் கதை



நம் வளாகத்தில் சீரியல் பார்க்காத வீடு குறைவு. பார்க்கிறவர்களைக் கேலி செய்யாத வீடு அதைவிடக் குறைவு. "தினமும் அதே முகங்கள், அதே சமையலறை, அதே பேச்சு. அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாக இந்த இதழில் ஒரு சீரியல் நடிகையின் வரலாற்றைச் சொல்கிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்ல, அமெரிக்கர். பெயர் ஹெலன் வாக்னர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் பெரிய சினிமா நட்சத்திரமும் இல்லை. ஆனால் 1956-இல் ஏற்ற ஒரு குடும்பத் தலைவி வேடத்தை, நடுவில் சில இடைவெளிகள் தவிர, 2010-இல் இறக்கும் வரை செய்தார். அதுவரை உலகில் வேறு எவரும் தொலைக்காட்சியில் ஒரே வேடத்தை அத்தனை காலம் செய்ததில்லை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார்.

வங்கியில் 60 வயதானால் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த அம்மையாருக்கு 60 வயது ஆனபோது இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருந்தது. அப்படி அவர் என்னதான் நடித்தார் என்று பார்ப்போம்.

சோப்பு விற்க வந்த கதைகள்

முதலில் கொஞ்சம் பின்னணி. நாம் சீரியல் என்பதை அமெரிக்கர்கள் "சோப் ஆப்பரா" என்பார்கள். காரணம் எளிது. 1930-களில் வானொலியில் பகல் நேரக் குடும்ப நாடகங்கள் வரத் தொடங்கியபோது, அவற்றுக்குப் பணம் கொடுத்தவை சோப்பு, சலவைத்தூள் கம்பெனிகள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்கள், சலவைத்தூள் வாங்குகிறவர்களும் அவர்களே. 1933-இல் வந்த "மா பெர்கின்ஸ்" என்ற நாடகத்துக்குப் பணம் கொடுத்தது பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் ஆக்ஸிடால் சலவைத்தூள். விளம்பரத்துக்கு நடுவே கதையா, கதைக்கு நடுவே விளம்பரமா என்று சொல்ல முடியாதபடி இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

இந்தத் துறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஒரு பெண். சிகாகோவைச் சேர்ந்த இர்னா பிலிப்ஸ். ஆசிரியையாக இருந்தவர். 1930-இல் "பெயின்டட் டிரீம்ஸ்" என்ற வானொலித் தொடரை எழுதினார். தொலைக்காட்சி வந்தபின் அதற்கும் எழுதினார். அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தொடர்கள் நாளுக்கு 15 நிமிடம்தான். "அரை மணி நேரம் வேண்டும், குடும்பம் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும்" என்று இர்னா கேட்டார். வேலை மெனக்கெட்டு அரை மணி நேரம் யார் பார்ப்பார்கள் என்று மேலிடத்தில் தயங்கினார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். 1956 ஏப்ரல் 2, திங்கட்கிழமை பகல் 1.30 மணிக்கு, சிபிஎஸ் தொலைக்காட்சியில் "ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்" என்ற தொடர் ஆரம்பமானது. உலகம் சுழலச் சுழல என்று பொருள். தலைப்பு ஓடும்போது ஓர் உலக உருண்டை சுழலும்.

முதல் வசனம்

அந்த முதல் நாள், முதல் காட்சி. ஓக்டேல் என்ற கற்பனை ஊரில் ஹியூஸ் குடும்பத்தின் வீடு. நான்சி ஹியூஸ் காலையில் தன் கணவருக்கு "குட் மார்னிங் டியர்" சொல்கிறார். தொடரின் முதல் வசனம் அதுதான். கொலை இல்லை, கடத்தல் இல்லை, இடி மின்னல் இல்லை. ஒரு வீட்டில் பொழுது விடிகிறது, அவ்வளவுதான்.

நான்சியாக நடித்தவர் ஹெலன் வாக்னர். அப்போது அவருக்கு வயது 37. 1918 செப்டம்பர் 3 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் லபக் என்ற ஊரில் பிறந்தவர். இல்லினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரியில் இசையும் நாடகமும் படித்து 1938-இல் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க் வந்து, அங்கு பிராட்வே என்று சொல்லப்படும் பெரிய நாடக மேடைகளில் பாடி நடித்தார். தொலைக்காட்சி வந்ததும் அதிலும் சின்னச் சின்ன வேடங்கள். 1954-இல் ராபர்ட் வில்லி என்ற நாடகத் தயாரிப்பாளரை மணந்தார். ஆக, நான்சி வேடத்துக்கு வந்தபோது அவர் புதுமுகம் இல்லை, தொழில் தெரிந்தவர்.

காபி ஊற்றிய விதம்

வேலை தெரிந்தவரைத்தான் ஆரம்ப நாட்களிலேயே நீக்கினார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நான்சி காபி ஊற்றிய விதம் இர்னா பிலிப்ஸுக்குப் பிடிக்கவில்லையாம்! தொடரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் செய்தி தவறாமல் வரும். பிறகு சமாதானமாகித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இதை ஒரு முதலாளியம்மாவின் கோபம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இர்னாவின் தொடரில் எல்லாமே சமையலறை மேஜையைச் சுற்றித்தான் நடந்தன. மகள் யாரைக் காதலிக்கிறாள், மகன் ஏன் சாப்பிடவில்லை, நாத்தனார் வழி தவறுகிறாளா என்பதெல்லாம் ஒரு கோப்பைக் காபிக்கு மேல்தான் வெளியே வரும். பார்க்கிறவர்களோ அதே காரியத்தைத் தினமும் தங்கள் வீட்டில் செய்கிறவர்கள். வாள்சண்டையில் தவறு செய்தால் அவர்களுக்குத் தெரியாது. காபி ஊற்றுவதில் தவறு செய்தால் அந்த நிமிடமே கண்டுபிடிப்பார்கள். இர்னா அதை அறிந்தவர். அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பல ஆண்டுகள் கழித்து அதே தொடரை எழுதுவதற்குத் திரும்பி வந்த இர்னா பிலிப்ஸை 1973-இல் கம்பெனி நீக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அவர் நீக்கிய நடிகை அதற்குப் பின்னும் 36 ஆண்டுகள் அதே வீட்டில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

திருத்தம் இல்லாத வேலை

இன்று சீரியல் எடுக்கிறவர்கள் ஒரு காட்சி சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம். அன்று அது முடியாது. இந்தத் தொடர் 1975 வரை பெரும்பாலும் நேரடி ஒளிபரப்பு. காலையில் ஒத்திகை, பகல் 1.30-க்கு நாடு முழுதும் பார்க்க நடிக்க வேண்டும். வசனம் மறந்தால் மறந்ததுதான். கதவு திறக்காவிட்டால் திறக்காததுதான். சமாளித்துக்கொண்டு போக வேண்டும். மறுநாள் புது வசனம். திங்கள் முதல் வெள்ளி வரை, வாரம் 5 நாள். சினிமா நடிகை ஆண்டுக்கு இரண்டு மூன்று படம் நடித்து ஓய்வெடுக்கலாம். இவர்களுக்கு ஓய்வு ஏது? கவுன்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவர்களுக்கு இந்த வேலையின் தன்மை சுலபமாகப் புரியும். இன்றைய கணக்கு இன்றைக்கே நேராக வேண்டும், நாளை வேறு கணக்கு.

இதன் பலன் என்ன? 1958 முதல் 1978 வரை 20 ஆண்டுகள், பகல் நேரத் தொடர்களில் இதுதான் முதலிடம். பார்த்தவர்கள் அதை நாடகமாகப் பார்க்கவில்லை. 1962-இல் கதையில் நான்சியின் மருமகன் ஜெஃப் கார் விபத்தில் இறந்தபோது, உண்மையாகவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது போல நேயர்கள் கடிதங்களைக் கொட்டினார்கள்.

மாமியாரும் மருமகளும்

மாமியார் மருமகள் சண்டை நமக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 1960-இல் இந்தத் தொடரில் லிசா என்ற பெண் வந்தாள். நான்சியின் மகன் பாப்பை வீட்டுக்குத் தெரியாமல் மணந்துகொண்டாள். லிசாவாக நடித்தவர் ஐலீன் ஃபுல்டன். சாதாரணமான நல்ல பெண்ணாக எழுதப்பட்ட வேடத்தை அவர் சூழ்ச்சிக்காரியாக மாற்றினார். நேயர்கள் கொதித்தார்கள். தெருவில் ஒரு பெண்மணி தன்னை அடித்தே விட்டதாக ஃபுல்டன் சொல்லியிருக்கிறார். பாப்பாக நடிக்க அதே 1960-இல் வந்தவர் டான் ஹேஸ்டிங்ஸ். இந்த மூவரும் அரை நூற்றாண்டு காலம் அம்மா, மகன், முன்னாள் மருமகள் என்று ஒரே கதைக்குள் முதுமை அடைந்தார்கள்.

இதில் நான்சியின் பங்கைக் கவனியுங்கள். கண்டபடி கல்யாணம் செய்துகொள்வதும், ஏமாற்றுவதும், ஓடிப்போவதும் மற்றவர்கள். நான்சி கேட்பாள், கவலைப்படுவாள், கண்டிப்பாள், கடைசியில் சாப்பாடு போடுவாள். கதையில் திருப்பம் எதுவும் அவளால் வராது. ஆனால் மற்றவர்களுக்கு வருகிற திருப்பம் எல்லாம் அவளிடம் வந்து சொன்ன பிறகுதான் நேயர்களுக்கு முழுதாக உறைக்கும். பரிசு வாங்கித் தருகிற வேடம் அல்ல இது. அழுது புரண்டால் கவனிப்பார்கள், காது கொடுத்துக் கேட்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

1963 நவம்பர் 22

அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் ஹெலன் வாக்னர் வரலாறு முடியாது. அன்று வெள்ளிக்கிழமை. நியூயார்க் நேரம் பகல் 1.30-க்கு வழக்கம்போல் தொடர் ஆரம்பமானது. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டார்.

திரையில் நான்சி, வீட்டுப் பெரியவரான தாத்தாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். மகன் பாப், விவாகரத்தான லிசாவை நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு அழைத்திருக்கிறான், அது பற்றிய பேச்சு. 1.40 மணிக்கு, பேச்சின் நடுவில், திரையில் "செய்தி" என்ற அட்டை விழுந்தது. வால்டர் கிராங்கைட்டின் குரல் மட்டும் கேட்டது. முகம் தெரியவில்லை. அந்தக் காலத்து கேமரா சூடேறித் தயாராகச் சில நிமிடங்கள் பிடிக்கும், அதற்குக் காத்திருக்க நேரமில்லை. அதிபர் சுடப்பட்டார் என்ற செய்தியை சிபிஎஸ் நேயர்கள் முதலில் கேட்டது அப்படித்தான்.

அரங்கில் இருந்த நடிகர்களுக்கு இது எதுவும் தெரியாது. நேரடி ஒளிபரப்பு போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் ஹெலன் வாக்னர் தன் வசனத்தைப் பேசிக்கொண்டுதான் இருந்தார். நாடு வேறொரு குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது. செய்தி முடிந்து சிறிது நேரம் மீண்டும் தொடருக்கு வந்தார்கள், மறுபடி செய்தி. பிறகு நாடகம் முழுதாக நின்றது. 2.38-க்கு அதிபர் இறந்துவிட்டார் என்று கிராங்கைட் அறிவித்தார். அடுத்த நான்கு நாட்கள் எந்தத் தொடரும் இல்லை, விளம்பரமும் இல்லை.

அந்த ஒளிபரப்பின் பதிவு இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்தால் அந்தக் கால அமெரிக்க வீடுகளின் பகல் நேரம் எப்படி இருந்தது என்று தெரியும். அதிபர் பேசினால் கேட்பார்கள்தான், ஆனால் தினமும் 1.30-க்கு உட்காருவது நான்சி வீட்டில்தான். நாட்டின் துக்கச் செய்தி அவர்களைத் தேடி வந்ததும் அந்த வீட்டுக் கூடத்துக்குள்தான்.

ஓரங்கட்டப்பட்ட காலமும் திரும்பி வந்த காலமும்

1980-கள் வந்தன. இளைஞர்களைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாத் தொலைக்காட்சியும் ஓடிய காலம். இளம் ஜோடிகள், வேகமான கதைகள். வயதானவர்களுக்கு எழுத ஒன்றும் இல்லை. ஹெலன் வாக்னர் சில ஆண்டுகள் தொடரை விட்டு விலகியே இருந்தார். 1980-களின் நடுவில் திரும்பி வந்தார். வீட்டில் மூத்தவர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பக் கதை நிற்காது என்பது அதற்குள் எழுதுகிறவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

1986-இல் கணவர் கிறிஸ் ஹியூஸாக நடித்த டான் மெக்லாஃப்லின் காலமானார். முதல் நாள் "குட் மார்னிங் டியர்" யாரிடம் சொல்லப்பட்டதோ அவர். வேறு ஆளைப் போட்டு நிரப்பாமல் கதையிலும் கிறிஸை இறக்க வைத்தார்கள். நான்சி விதவையானாள். பிறகு கதையில் டான் மெக்லாஸ்கி என்ற காவல்துறைக்காரரை முதிய வயதில் மறுமணம் செய்துகொண்டாள். 1990-களில் அவருக்கு அல்சைமர் நோய் வந்தது. நினைவிழந்து போகும் கணவரை வயதான மனைவி பராமரிப்பதைப் பகல் நேரத் தொடர் நாள் கணக்கில், மாதக் கணக்கில் காட்டியது. படிக்கிற உங்களில் சிலருக்கு இந்த நோயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேர சினிமா இதைச் சுருக்கித்தான் சொல்ல முடியும். தினமும் கொஞ்சமாக, நேற்று இருந்தது இன்று இல்லை என்று காட்ட சீரியலால்தான் முடியும். 70 வயதைத் தாண்டிய ஹெலன் வாக்னர் தன் 40 ஆண்டு அனுபவத்தை அங்கே பயன்படுத்தினார்.

2004-இல் பகல் நேரத் தொலைக்காட்சிக்கான எம்மி விழாவில் வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. அதுவும் தனியாக அல்ல, இவரைப் போல் நெடுங்காலம் நடித்த பலரோடு சேர்த்து. ஃபுல்டனும் ஹேஸ்டிங்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

கடைசி நாட்கள்

இதற்குள் பகல் நேரத் தொடர்களின் காலமே மங்கத் தொடங்கிவிட்டது. பெண்கள் வேலைக்குப் போனார்கள், பகலில் வீடு காலி. மூன்றே நிறுவனங்கள் இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான சேனல்கள் வந்தன. 1995-இல் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கு விசாரணை மாதக்கணக்கில் பகல் நேரத்தை எடுத்துக்கொண்டது. அப்போது தொடரை விட்டவர்களில் பலர் திரும்பவில்லை. நடிகர்களும் அரங்குகளும் நிறைந்த தொடரைவிட, நாலு பேரை உட்கார வைத்துப் பேசவைப்பது மலிவு என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டன.

2009 டிசம்பரில், தொடரை நிறுத்தப்போவதாக சிபிஎஸ் அறிவித்தது. ஹெலன் வாக்னரின் கணவரும் அந்த ஆண்டுதான் இறந்தார். அவருக்கு அப்போது 91 வயது. 2010 ஏப்ரல் வரை நான்சியாகத் திரையில் தோன்றினார். மே 1 அன்று காலமானார். கடைசி வரை பணியில் இருந்தார் என்று சொல்லலாம். ஆகஸ்ட் மாதக் கடைசியில் நான்சியின் மறைவைக் கதையில் காட்டி ஹியூஸ் குடும்பம் அஞ்சலி செலுத்தியது. உடன் நடித்தவர்களுக்கு அதில் நடிக்க வேண்டிய பங்கு அதிகம் இருந்திருக்காது.

2010 செப்டம்பர் 17 அன்று கடைசி அத்தியாயம். 13,000-க்கு மேற்பட்ட அத்தியாயங்களுக்குப் பிறகு முடிவு. சோப்பு கம்பெனியான பிராக்டர் அண்ட் கேம்பிள் தயாரித்த பகல் நேரத் தொடர்களிலும் அதுவே கடைசி. கடைசிக் காட்சியில் நான்சியின் மகன், டாக்டர் பாப் ஹியூஸ், ஆஸ்பத்திரிப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். அறையைக் காலி செய்கிறார். மேஜைமேல் ஓர் உலக உருண்டை. கிளம்பும்போது "குட் நைட்" என்கிறார். 54 ஆண்டுகளுக்கு முன் அம்மா சொன்ன காலை வணக்கத்துக்கு மகன் சொன்ன பதில் அது.

கேலி செய்கிறவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. கரோல் பர்னெட் என்ற நகைச்சுவை நடிகை இந்தத் தொடரின் பெயரையே திரித்து "ஆஸ் தி ஸ்டமக் டர்ன்ஸ்" என்று, வயிற்றைப் புரட்டுகிறது என்ற பொருளில், கேலி நாடகம் போட்டார். சிரித்தார்கள். சிரித்தவர்களில் பலர் மறுநாள் பகல் 1.30-க்கு உட்கார்ந்தும் இருப்பார்கள்.

சீரியல்கள் எல்லாம் உயர்ந்த கலை என்று நான் வாதிட வரவில்லை. இழுவை இழுவைதான். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டில், துணை போய்ச் சேர்ந்துவிட்டது, பகலில் அழைப்பு மணி அடிக்க ஆளில்லை என்று இருக்கும் ஒருவருக்கு, குறித்த நேரத்தில் தவறாமல் ஒரு முகம் வந்து பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த வரலாறு சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் நம் வளாகத்திலும் இருக்கிறார்கள், எந்தெந்தக் கதவு என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் டிவி சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டால், அடுத்த முறை அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் புகார் போடுவதற்கு முன் ஒருநாள் நேரில் போய்க் கதை என்னவென்று கேட்டுப் பாருங்கள். நிச்சயம் சொல்வார்கள். காபியும் கிடைக்கும்.